மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி: தேர்தல் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

பென்சில்வேனியாவுக்கு வேலைக்கென்று வந்து, குடியுரிமை வாங்கி, இன்று பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் தலைமுறை எங்களுடையது. செனட் தேர்தல் நெருங்கும்போது எங்கள் வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் வாலண்டியர் வேலைக்கு வருகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் எங்கே தொடங்குவது, எதைச் செய்யக்கூடாது என்பது தெரிவதில்லை. அவர்களிடம் வாய்மொழியாகச் சொல்லிவந்ததை இங்கே வரிசைப்படுத்துகிறேன். எந்தக் கட்சிக்கு உழைப்பது என்பது உங்கள் மனசாட்சியின் விஷயம், அதில் நான் தலையிடவில்லை. எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் 2022-ல் எங்கள் மாநிலத்தில் நடந்த செனட் தேர்தலிலிருந்தே எடுக்கிறேன். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் அண்மையில் இல்லை.

1. தொகுதியின் அளவை முதலில் மனத்தில் வாங்குங்கள்.

தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் என்றால் 39 தொகுதிகள். மாநிலங்களவைக்கு ஆள் அனுப்புவது எம்.எல்.ஏ.க்களின் வேலை. இங்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1913-ல் வந்த 17-வது அரசியல் சட்டத் திருத்தத்துக்கு முன்பு செனட்டர்களை மாநிலச் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது. இப்போது மாநிலத்து வாக்காளர் எல்லாரும் சேர்ந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பென்சில்வேனியாவில் 67 கவுண்ட்டிகள், ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் மக்கள். அத்தனைக்கும் சேர்த்து ஒரே தொகுதி. எத்தனை கவுண்ட்டிகளில் முன்னிலை என்று யாரும் பார்ப்பதில்லை, மொத்த ஓட்டில் யார் முந்தினார் என்பது மட்டுமே கணக்கு. பிலடெல்பியாவில் விழும் ஓட்டுக்கும் மலைக்காட்டு ஊரில் விழும் ஓட்டுக்கும் மதிப்பு ஒன்றுதான்.

2. பதவியில் இருப்பவர் போட்டியிடாத தேர்தல் வேறு ரகம்.

செனட்டரின் பதவிக்காலம் 6 ஆண்டு. நாற்காலியில் இருப்பவர் மீண்டும் நின்றால் அவரைத் தோற்கடிப்பது கடினம். பெயர் எல்லாருக்கும் தெரியும், நன்கொடையாளர் பட்டியல் கையில் இருக்கும், ஆறு ஆண்டு செய்த உதவிகள் பேசும். 2022 பொதுத்தேர்தலில் மறுபடி நின்ற செனட்டர் ஒருவர்கூடத் தோற்கவில்லை. செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியபின் அப்படி நடப்பது மிக அரிது. அந்த ஆண்டு கட்சி மாறிய ஒரே செனட் இடம் பென்சில்வேனியா. குடியரசுக் கட்சியின் பாட் டூமி இனி நிற்கப்போவதில்லை என்று 2020 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டதால் அந்த இடம் காலியாக வந்தது.

காலி இடம் என்றால் இரண்டு கட்சியிலும் கூட்டம் சேரும். வாக்காளருக்கு யாரையும் சரியாகத் தெரியாது. அதனால்தான் வாலண்டியரின் பேச்சுக்கு அங்கே மற்ற தேர்தல்களைவிட அதிக மதிப்பு.

3. உங்கள் விசா எதை அனுமதிக்கிறது என்று தெரிந்துகொண்டு வாருங்கள்.

நம் பிள்ளைகள் மிகவும் கவனமாக இருக்கவேண்டிய இடம் இது. ஓட்டுப் போடும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே. கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஓட்டுப் போட முடியாது, ஆனால் வேட்பாளருக்கு நன்கொடை தரலாம், வேலை செய்யலாம். ஹெச்-1பி, மாணவர் விசாவில் இருப்பவர் ஒரு டாலர்கூட நன்கொடை தரக்கூடாது. சம்பளம் வாங்காத வாலண்டியராக மட்டும் உதவலாம், பிரசாரத்தின் முடிவுகளை எடுக்கும் இடத்தில் உட்காரக்கூடாது. நண்பரின் பணத்தை உங்கள் பெயரில் கட்டுவதும், உங்கள் பணத்தை நண்பர் பெயரில் கட்டுவதும் குற்றம்.

இன்னொன்று. டிரைவிங் லைசென்ஸ் வாங்கும் இடத்தில் திரையில் வாக்காளர் பதிவு பற்றிய கேள்வி வரும். குடியுரிமை இல்லாதவர் அவசரத்தில் "ஆம்" என்று தட்டிவிட்டால், பின்னாளில் குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகும், நாடு கடத்தும் அளவுக்கும் போகலாம். கேள்வியை முழுக்கப் படித்துப் பதில் சொல்லுங்கள், பெற்றோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

4. பிரைமரியை அலட்சியம் செய்யாதீர்கள்.

நம்மவர்கள் பலர் நவம்பரில்தான் விழித்துக்கொள்கிறார்கள். காலி இடத்துக்கான போட்டி பாதி முடிவாவது உட்கட்சித் தேர்தலில், அதாவது பிரைமரியில். 2022 மே 17 அன்று குடியரசுக் கட்சிப் பிரைமரியில் தொலைக்காட்சி மருத்துவர் மெஹ்மெட் ஓஸும் நிதி நிறுவனத் தலைவராக இருந்த டேவிட் மெக்கார்மிக்கும் ஏறக்குறைய சமமாக வந்தார்கள். இருவருக்கும் கிடைத்தது தலா 31 சதவீதம்தான். மறு எண்ணிக்கைக்குப் போய், ஜூன் 3 அன்று மெக்கார்மிக் தோல்வியை ஒப்புக்கொண்டார். வித்தியாசம் 951 ஓட்டு. பதிவான ஓட்டோ 13 லட்சத்துக்கும் மேல்.

951-ஐ 67 கவுண்ட்டிகளுக்குப் பிரித்துப் பாருங்கள். ஒரு கவுண்ட்டிக்கு 14 ஓட்டு. ஒரு பொங்கல் விழாவுக்கு வரும் கூட்டம் அதைவிடப் பெரிது.

எங்கள் மாநிலத்தில் பிரைமரியில் ஓட்டுப் போட அந்தக் கட்சியின் பெயரில் பதிவு செய்திருக்கவேண்டும். "நான் எந்தக் கட்சியும் இல்லை" என்று பெருமையாகப் பதிந்துகொண்டவர் அன்று வீட்டில் இருக்கவேண்டியதுதான். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிபோர்னியாவில் எல்லா வேட்பாளரும் ஒரே சீட்டில் நிற்பார்கள், முதல் இருவர் எந்தக் கட்சியானாலும் நவம்பருக்குப் போவார்கள். 2016-ல் பார்பரா பாக்சர் விலகியதால் காலியான இடத்துக்கு அப்படித்தான் கமலா ஹாரிஸும் லொரெட்டா சான்செஸும் மோதினார்கள், இருவரும் ஜனநாயகக் கட்சியினர். சென்னையிலிருந்து போன சியாமளா கோபாலனின் மகள் செனட்டரானது அந்தத் தேர்தலில்தான். ஜார்ஜியாவில் 50 சதவீதம் தாண்டாவிட்டால் இரண்டாம் சுற்று உண்டு. உங்கள் மாநிலத்து விதியை மனப்பாடம் செய்த பிறகு மற்றவருக்குச் சொல்லுங்கள்.

5. தோற்கும் ஊரில் குறைவாகத் தோற்கப் பாடுபடுங்கள்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

புதிதாக வருபவர்கள் எல்லாருக்கும் தங்கள் கட்சி வலுவாக உள்ள இடத்தில் வேலை செய்யத்தான் ஆசை. ஜனநாயகக் கட்சிப் பிள்ளைகள் பிலடெல்பியாவுக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் ஓடுவார்கள். குடியரசுக் கட்சிப் பிள்ளைகள் நடுமாநிலத்துக் கிராமங்களுக்கு ஓடுவார்கள். அங்கே கைதட்டல் கிடைக்கும், ஓட்டு கூடுதலாகக் கிடைக்காது. மொத்த எண்ணிக்கைதான் முடிவு என்னும்போது, 30 சதவீதம் கிடைக்கும் ஊரில் 34 ஆக்குவதும் 70 கிடைக்கும் ஊரில் 74 ஆக்குவதும் ஒரே வேலை. பதிவாகும் ஓட்டுகளின் எண்ணிக்கை ஒத்த ஊர்களாக இருந்தால் பலனும் ஒன்றுதான்.

2022-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் ஃபெட்டர்மேன் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். "ஒவ்வொரு கவுண்ட்டியும், ஒவ்வொரு ஓட்டும்" என்பதுதான் அவருடைய கோஷம். பிட்ஸ்பர்க்குக்குப் பக்கத்து எஃகு ஆலை ஊரான பிராடக்கில் மேயராக இருந்தவர், ஆறடி எட்டு அங்குல உயரம், ஹூடியும் அரைக்கால் சட்டையுமாகத் திரிபவர். மே மாதப் பிரைமரியில் 67 கவுண்ட்டிகளிலும் அவரே முதலிடம். நவம்பரில் ஓஸுடன் மோதியபோது கிராமத்துக் கவுண்ட்டிகளில் அவர் தோற்றார். ஆனால் 2020 ஜனாதிபதித் தேர்தலில் பைடன் தோற்ற அளவுக்கு அந்தப் பகுதிகள் பலவற்றில் தோற்கவில்லை. பைடன் மாநிலத்தை ஏறத்தாழ 80,000 ஓட்டில் வென்றிருந்தார். ஃபெட்டர்மேன் வென்றது 2 லட்சத்து 63 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டில்.

உங்களை ஒரு தோற்கும் ஊருக்கு அனுப்பினால் முகம் சுளிக்காதீர்கள். அங்கே ஆள் குறைவு, ஆகவே உங்கள் ஒரு நாள் உழைப்புக்கு மதிப்பு அதிகம்.

6. கதவைத் தட்டும்போது வாதாடாதீர்கள்.

உங்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருக்கும். எந்த வீட்டைத் தட்டவேண்டும் என்று செல்போன் செயலி காட்டும். அந்த வீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மணியடித்து இரண்டடி பின்னால் தள்ளி நில்லுங்கள். பெயர் சொல்லுங்கள், எங்கே வசிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், அவர்களுடைய கவலை என்ன என்று கேளுங்கள். கேட்டதைச் செயலியில் பதிவு செய்யுங்கள். அந்தக் குறிப்பில்தான் அடுத்த மாத வேலை இருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர் என்று தெரிந்தால் நன்றி சொல்லி நகருங்கள். அவரோடு வாதாடும் கால் மணி நேரத்தில் நம் பக்கத்தவர் மூன்று பேரைப் பார்த்திருக்கலாம்.

நோட்டீஸைத் தபால் பெட்டிக்குள் போடாதீர்கள். தபால்தலை ஒட்டாத எதையும் அதில் போடக்கூடாது என்பது மத்தியச் சட்டம். கதவிடுக்கில் செருகுங்கள். "இங்கே யாரும் வரவேண்டாம்" என்று பலகை மாட்டிய வீட்டை விட்டுவிடுங்கள்.

7. கட்சி முத்திரையைப் பார்த்து ஆளை முடிவு செய்யாதீர்கள்.

அதே 2022 நவம்பரில், அதே சீட்டில், ஆளுநர் தேர்தலும் இருந்தது. ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஷப்பீரோ ஏறத்தாழ 15 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வென்றார். அதே கட்சியின் ஃபெட்டர்மேனுக்குக் கிடைத்த வித்தியாசமோ ஏறத்தாழ 5. அப்படியென்றால் ஆளுநருக்கு ஒரு கட்சி, செனட்டருக்கு இன்னொரு கட்சி என்று பிரித்துப் போட்டவர்கள் ஏராளம். வாசலில் ஒரு வேட்பாளரின் பலகை நட்டிருப்பதால் அந்த வீட்டில் எல்லா ஓட்டும் ஒரே பக்கம் என்று நினைக்காதீர்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், மகள் இன்னும் முடிவு செய்யவில்லை என்பது இங்கே சாதாரணம்.

8. "இவர் நம்ம ஊர்க்காரரா?" என்ற கேள்வி எப்போதும் வரும்.

அரசியல் சட்டப்படி செனட்டருக்கு 30 வயது ஆகியிருக்கவேண்டும், 9 ஆண்டு குடிமகனாக இருந்திருக்கவேண்டும், தேர்ந்தெடுக்கப்படும்போது அந்த மாநிலத்தில் குடியிருக்கவேண்டும். அவ்வளவுதான். ஓஸ் நீண்ட காலம் நியூ ஜெர்சியில் வாழ்ந்தவர், சட்டப்படி அதில் குற்றமில்லை. ஆனால் எதிரணி கோடை முழுவதும் அதையே பேசியது. அவர் காய்கறி வாங்கிக்கொண்டே விலைவாசியைப் பற்றிப் பேசிய காணொளி ஒன்று ஏப்ரலில் எடுக்கப்பட்டு, ஆகஸ்டில் நாடெங்கும் பரவியது. கடையின் பெயரை அதில் அவர் தவறாகச் சொல்லியிருந்தார். விலைவாசி என்ற நியாயமான பேச்சு கேலிக்குள் மூழ்கிப்போனது. உங்கள் வேட்பாளர் எந்த ஊருக்குப் போகிறாரோ அந்த ஊரின் பெயர் உச்சரிப்பு, பள்ளி, கடை, மூடிய ஆலை எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பது உள்ளூர் வாலண்டியரின் கடமை.

9. விளம்பரப் பணத்தைக் கண்டு மலைக்காதீர்கள், மயங்கவும் வேண்டாம்.

2022-ல் நாட்டில் மிக அதிகம் செலவான செனட் போட்டிகளில் ஒன்று எங்களுடையது. இரு தரப்பும் வெளிக்குழுக்களும் சேர்ந்து கொட்டியது 30 கோடி டாலருக்கும் மேல். ஒரு தனிநபர் வேட்பாளருக்கு நேரடியாகத் தர வரம்பு உண்டு. அந்தத் தேர்தலில் அது பிரைமரிக்கு 2,900 டாலர், நவம்பருக்கு 2,900 டாலர். சூப்பர் பேக் என்ற வெளிக்குழுக்களுக்கு வரம்பே கிடையாது, ஆனால் அவை விளம்பரத்தை வேட்பாளரோடு கலந்து திட்டமிடக்கூடாது.

இதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. தேர்தல் நெருக்கத்தில் தொலைக்காட்சி நிலையங்கள் வேட்பாளருக்குத் தங்கள் மிகக் குறைந்த கட்டணத்தில்தான் நேரம் விற்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வெளிக்குழுவுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே வேட்பாளரின் கணக்குக்கு நேரடியாகப் போகும் 25 டாலர், கோடீஸ்வரர் வெளிக்குழுவுக்குத் தரும் அதே 25 டாலரைவிட அதிக நொடிகள் வாங்கும். சிறிய நன்கொடை கேட்க வெட்கப்படாதீர்கள்.

10. ஒரே நாள் செய்தியால் ஆடிப்போகாதீர்கள்.

பிரைமரிக்கு நான்கு நாள் முன்பு ஃபெட்டர்மேனுக்குப் பக்கவாதம் வந்தது. அக்டோபர் 25 அன்று ஹாரிஸ்பர்க்கில் நடந்த விவாதத்தில், கேட்பதைப் புரிந்துகொள்ளத் திரையில் எழுத்து ஓட வேண்டியிருந்தது, பேச்சும் தடுமாறியது. அன்றிரவு பலர் கதை முடிந்தது என்றார்கள். அதே விவாதத்தில் கருக்கலைப்பு முடிவில் உள்ளூர் அரசியல் தலைவர்களுக்கும் பங்கு உண்டு என்ற பொருளில் ஓஸ் பேசிய வாக்கியம் உடனே எதிரணி விளம்பரமானது. ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்திருந்த ஆண்டு அது. விவாதம் நடப்பதற்குள் பல லட்சம் தபால் ஓட்டுகளும் பதிவாகியிருந்தன.

கேலிச் செய்தியைப் பகிர்வதிலும் எல்லை வேண்டும். எதிரியின் நோயையும், உடல்குறையையும், மதத்தையும், பெற்றோர் பிறந்த நாட்டையும் தொடாதீர்கள். நாளை நம் பிள்ளை ஒருவர் வேட்பாளராக நிற்கும்போது அதே ஆயுதம் திரும்பி வரும்.

11. தபால் ஓட்டின் சின்னச் சின்ன விதிகளைக் கற்றுக்கொள்ளுங்கள்.

எங்கள் மாநிலத்தில் 2019-ல் வந்த சட்டத்தால் காரணம் எதுவும் சொல்லாமல் யாரும் தபாலில் ஓட்டுப் போடலாம். ஆனால் சின்னத் தவறால் ஓட்டு செல்லாமல் போகிறது. சீட்டை முதலில் உள்உறையில் வைக்கவேண்டும், பிறகு வெளியுறை. உள்உறை இல்லாமல் வந்த சீட்டை எண்ணமாட்டார்கள். வெளியுறையில் கையெழுத்தும் தேதியும் போடச் சொல்லுங்கள். தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் கவுண்ட்டி அலுவலகத்துக்குப் போய்ச் சேரவேண்டும், அன்றைய தபால் முத்திரை இருந்தால் மட்டும் போதாது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு.

நம் வீடுகளில் மகன் எல்லாருடைய உறையையும் அள்ளிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருவது வழக்கம். இங்கே அது கூடாது. உடல்நலக் குறைவுள்ளவர் முறையாக எழுதிக் கொடுத்தால் தவிர, அவரவர் உறையை அவரவரே சேர்க்கவேண்டும். மனைவியின் உறையைக் கணவன் கொண்டுபோவதும் தவறு.

12. கோயிலையும் சங்கத்தையும் கட்சி மேடையாக்காதீர்கள்.

வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனங்கள் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்பது வரிச் சட்டம். எங்கள் மாநிலத்துக் கோயில்களும் தமிழ்ச் சங்கங்களும் பெரும்பாலும் அந்த வகை. அவர்களின் மின்னஞ்சல் பட்டியலை எடுத்துப் பிரசாரம் செய்யாதீர்கள். கட்சி சாராமல் வாக்காளர் பதிவு முகாம் நடத்தலாம், எல்லா வேட்பாளரையும் சமமாக அழைத்துக் கேள்வி கேட்கலாம். ஓட்டு கேட்பதை உங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

13. தேர்தல் நாளில் அடக்கமாக இருங்கள்.

நவம்பர் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய், வேலை நாள். சம்பளத்தோடு விடுமுறை என்ற ஊர்ப் பழக்கம் இங்கே இல்லை. காலை 7 முதல் இரவு 8 வரை எப்போது போகப்போகிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் நேரம் கேட்டு எழுதுங்கள். நேரம் சொன்னவர் போவார். 8 மணிக்கு வரிசையில் நிற்பவர் 8 மணி தாண்டினாலும் ஓட்டுப் போடலாம், திரும்பிப் போகவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். அந்தச் சாவடியில் முதல்முறை ஓட்டுப் போடுபவர் அடையாள அட்டை கொண்டுபோகவேண்டும். நோட்டீஸ் தருபவர் வாக்குப்பதிவு அறையிலிருந்து 10 அடி தள்ளி நிற்கவேண்டும். முதியவரைக் காரில் அழைத்துப் போகலாம். ஓட்டுக்குப் பதிலாக எதையும் கொடுக்கக்கூடாது, ஒரு பிரியாணிப் பொட்டலம்கூட.

14. எண்ணிக்கை முடியும்வரை வாயைக் கட்டுங்கள்.

தபால் உறைகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் பிரிக்க எங்கள் மாநிலச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே முதலில் ஒரு பக்கம் ஏறியும் பிறகு மறுபக்கம் ஏறியும் எண்கள் வரும். அதில் சூழ்ச்சி எதுவும் இல்லை, உறை பிரிக்கும் வரிசை அப்படி. வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் இருந்தால் மறு எண்ணிக்கை தானாக வரும். வாட்ஸ்அப் குழுவில் வதந்தி பரப்பாதீர்கள்.

15. தோற்றவரின் தொலைபேசி எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள்.

951 ஓட்டில் பிரைமரியில் தோற்ற மெக்கார்மிக் 2024-ல் மறுபடி நின்றார். இந்த முறை காலி இடம்கூட இல்லை, மூன்று முறை வென்ற பாப் கேசி எதிரில் இருந்தார். ஏறத்தாழ 70 லட்சம் ஓட்டில் சுமார் 15,000 வித்தியாசத்தில் மெக்கார்மிக் வென்றார். இன்று அவரும் ஃபெட்டர்மேனும் ஒரே மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள். தோற்ற இரவில் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு ஓடிப்போகாமல், பட்டியலைப் பத்திரப்படுத்தி, உழைத்தவர்களுக்கு நன்றி சொன்னவர்களுக்கே அடுத்த தேர்தல்.

எங்கள் மாநிலத்தில் வாக்காளராகப் பதிய, தேர்தலுக்கு 15 நாள் முன்புவரை நேரம் உண்டு. குடியுரிமைச் சான்று கையில் இருந்தும் பதியாமல் இருப்பவர் உங்களைச் சுற்றியே இருக்கிறார்கள். முதலில் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு அவர்களைப் பதியச் செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.